தாராவி கிளினிக் டாக்டர்களுக்கு, ஒரு மருந்தாளுநரின் மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு, வணக்கம்.

90 அடி சாலையை ஒட்டிய ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். நீங்கள் எழுதும் சீட்டுகள்தான் நாள் முழுக்க என் கைக்கு வருகின்றன. மழை பிடித்து, பள்ளிக்கூடமும் திறந்துவிட்டால் சளி, இருமல், காய்ச்சல் சீட்டுகள் குவியும். பாராசிட்டமாலுக்குக் கீழே அநேகமாக ஒரு ஆன்டிபயாட்டிக்: அசித்ரோமைசின் 500, இல்லாவிட்டால் செஃபிக்சிம். அந்த இரண்டாவது வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சாதாரணச் சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது, அதில் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலையில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஏன் எழுதுகிறீர்கள் என்பது புரிகிறது. தோல் பட்டறையில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. "நாளைக்கே வேலைக்குப் போகணும் டாக்டர், பவரா ஏதாவது கொடுங்க" என்கிறார். நீங்கள் கொடுக்காவிட்டால் அடுத்த சந்தில் இன்னொரு கிளினிக் இருக்கிறது. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருக்கையில் பேசிப் புரியவைப்பதைவிட எழுதித் தருவது சீக்கிரம் முடிகிறது.

சரி, அந்தச் சீட்டு எங்கள் கவுண்டருக்கு வந்தபின் நடப்பதையும் கேளுங்கள். ஐந்து நாளைக்கு எழுதியிருப்பீர்கள். சட்டைப்பையில் இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இப்போதைக்கு ரெண்டு நாளைக்கு வெட்டிக் கொடுங்க" என்பார். மீதிக்கு வரமாட்டார். காய்ச்சல் தானாகவே விட்டிருக்கும், மாத்திரைதான் கேட்டது என்று அவர் நம்புவார். அடுத்த மாதம் பிள்ளைக்குச் சளி என்றால் பழைய பட்டையை நீட்டி, "இதே கொடுங்க" என்பார். பட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறது, சீட்டு வேண்டும் என்று நான் சொன்னால், "டாக்டரே கொடுத்த மருந்துதானே" என்று கோபம். சீட்டில்லாமல் விற்கும் கடைகளும் இங்கே உண்டு. அதற்கு எங்கள் தொழில்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மருந்து அவர் கைக்கு முதலில் வந்தது கிளினிக் சீட்டிலிருந்துதான்.

இதைவிட என்னை அதிகம் பயப்பட வைப்பது லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக். இருமல் நிற்காமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வருகிறவருக்கு எழுதப்படுகிறது. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். கொஞ்ச நாள் இருமல் குறையும், ஆள் திரும்பி வரமாட்டார், நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். அதற்குள் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டால், மருந்துக்கு மசியாத காசநோய்க்குக் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதம் போய்விடும். 2012-இல், சோதித்த எந்த மருந்துக்கும் மசியாத காசநோய் பற்றிய செய்தி வந்தது இதே மும்பையிலிருந்துதான். பத்துக்குப் பத்து அறையில் ஆறேழு பேர் படுக்கும் நம் பேட்டையில் ஒருவரின் இருமல் ஒருவரோடு நிற்பதில்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அரசு மையங்களில் அது இலவசம். சீட்டோடு மட்டும் விற்று, கணக்கும் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான ஷெட்யூல் எச்1 நடைமுறைக்கு வந்த 2014-இலிருந்து செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் எல்லாம் டாக்டர் பெயர், நோயாளி பெயரோடு நாங்கள் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கிறோம். எழுதும்போதெல்லாம் இந்த நினைப்புதான்.

எல்லா ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேங்கிய மழைத் தண்ணீரில் நடந்து வந்தவருக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்க நேரத்தோடு டாக்சிசைக்ளின் எழுதுகிறீர்களே, அது உயிரைக் காக்கிற சீட்டு.

மற்றவர்களுக்கு மாத்திரைக்குப் பதில் ஒரு தேதி கொடுங்கள். "இருமல் ரெண்டு வாரம் வரைக்கும் இழுக்கலாம், பயப்படாதே. அதையும் தாண்டினால் சளிப் பரிசோதனைக்கு வா. வியாழக்கிழமையும் காய்ச்சல் இருந்தால் வா, மூச்சு வாங்கினால் அன்றைக்கே வா" என்று சொல்லி, அந்த நாளைச் சீட்டிலேயே எழுதுங்கள். மறுபடி வந்தால் இரண்டாவது ஃபீஸ் வாங்காமல் பார்த்தால் இன்னும் நல்லது. கூலிக்காரர்கள் மருந்தைக் கேட்டு வாங்குவதற்கு அந்த இரண்டாவது ஃபீஸ் பயமும் ஒரு காரணம். அப்புறம், கிளினிக்கிலேயே பொட்டலம் கட்டித் தருகிறவர்கள் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை மேலே எழுதுங்கள். பெயரில்லாத பொட்டலத்தோடு சயான் ஆஸ்பத்திரிக்குப் போனால், ஏற்கெனவே என்ன சாப்பிட்டார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஒரு ஆய்வில், "தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் எழுதமாட்டேன்" என்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு போஸ்டரைத் தங்கள் அறைச் சுவரில் மாட்டினார்கள். ஆய்வு வெளியானது 2014-இல். அந்த டாக்டர்கள் வீண் சீட்டு எழுதுவது, போஸ்டர் மாட்டாதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. சுவரில் அது இருந்தால், கேட்கிற நோயாளிக்கு உங்கள் பதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் அச்சடிக்கும் செலவு என்னுடையது. சம்மதிக்கிற டாக்டர்கள் சொல்லி அனுப்புங்கள். மதியம் கிளினிக் மூடும் நேரத்தில் நானே வந்து கையெழுத்து வாங்கி, மாட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சீட்டுகளைப் படிக்கும் ஒரு மருந்தாளுநர்
தாராவி, மும்பை