புள்ளி தெரிகிறதா?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து காலையில் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்தி தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறாள்.

போன வாரம் எங்கள் புளோக்கில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த நான்மொழி அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘தண்ணீர்’ என்பதைத் ‘தணணீர’ என்றாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். பிள்ளை மேல் தப்பில்லை. ஆங்கில வரியின் உயரத்துக்குள் தமிழை அமுக்கியதில் ணகரத்தின் சுழிகள் ஒட்டிப்போய், புள்ளி எழுத்தோடு கரைந்திருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வயதில் நம் அச்சுக்கூடத்தில் இதே வேலையை நான் பெருமையாகச் செய்தேனே! நான்கு மொழியும் ஒரே உயரம், கோடெல்லாம் ஒரே தடிமன் என்று உன்னோடு மல்லுக்கு நின்றேன். தமிழுக்கு மேலும் கீழும் சுழி உண்டு, வரிகளுக்கு நடுவே இடைவெளிக்கு இன்னொரு ஈயத்தகடு போடு என்றாய். கேட்கவில்லை. ஆங்கிலத்தோடு சரிசமமாக நிற்பதுதான் தமிழுக்கு மரியாதை என்று நம்பினேன்.

ஜெர்மன் அச்சு வடிவமைப்பாளர் யான் சிகோல்டை அடிக்கடி நினைக்கிறேன். 1928இல், 26 வயதில், கொடுக்கில்லாத, அதாவது கோட்டு முனைகளில் சிறு நீட்டல் இல்லாத ஆங்கில எழுத்துதான் இந்தக் காலத்துக்கு, தலைப்பை நடுவில் நிறுத்துவது செத்த பழக்கம் என்று புத்தகமே போட்டவர். 1933இல் நாஜிகள் பிடித்து அடைத்தார்கள். வெளியே வந்து ஸ்விட்சர்லாந்துக்குப் போனார். அப்புறம், ‘இது ஒன்றே வழி’ என்ற தன் பழைய பிடிவாதத்திலேயே அந்த நாஜி அதிகாரக் குரல் அவருக்குக் கேட்டது. இங்கிலாந்துப் பதிப்பகமான பெங்குவினின் புத்தகங்களை 1947 முதல் 1949 வரை ஒழுங்குபடுத்தியபோது நடுவில் நிறுத்திய தலைப்புகளுக்கே திரும்பியிருந்தார். பழைய பாணிக்குத் திரும்பியதற்காக 1946இலேயே சுவிஸ் வடிவமைப்பாளர் மாக்ஸ் பில் அவரைச் சாடி எழுதினார். இளவயதில் நானும் பில் கட்சிதான். ஆனால் சிகோல்ட் எல்லாவற்றையும் தூக்கி எறியவில்லை. விளம்பரத்துக்குப் புதிய பாணி பொருந்தும், புத்தகத்துக்குப் பொருந்தாது என்றார். படிப்பவர் யார், எதைப் படிக்கிறார் என்று பார்த்திருக்கிறார். அது எனக்குப் பிடிபட இத்தனை வருடம் ஆயிற்று.

இப்போது ஓர் எழுத்துரு வரைகிறேன். புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கித் தள்ளி வைத்திருக்கிறேன். ணகரத்தை அகலமாக்கினேன், வரி நீண்டால் நீளட்டும். 1978 சீர்திருத்தத்தில் போன துதிக்கை ‘லை’யை, யானைத் துதிக்கை போல மேலே வளைந்த அந்தப் பழைய வடிவத்தை மட்டும் திரும்ப அழைக்க மாட்டேன். அச்சுப் பெட்டியில் அதைத் தேடித் துழாவிய விரல்களல்லவா நம் விரல்கள்!

மாதிரித் தாள் இரண்டு இத்துடன் வருகிறது. கண்ணாடி போடாமல் படித்துப் பார். தெரியாத புள்ளியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு அனுப்பு. ழகரத்தின் கால் இன்னும் சரியாக வரவில்லை, அதையும் பார்.

அன்புடன்,
உன் பழைய அச்சுக்கூடத் தோழன்