கிட்டார் நெக்கில் கார்பன் ராட்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் காலத்தில் வாத்தியங்களைப் பாதுகாப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் வந்திருந்தது. நல்ல பக்கம்தான். ஆனால் நடுவில், "நெக்கில் கார்பன் ஃபைபர் ராட் வைத்துவிட்டால் கிட்டார் வளையவே வளையாது, டிரஸ் ராடும் தேவைப்படாது" என்று ஒரு வரி. நெக் என்பது கம்பியை விரலால் அழுத்துகிற நீண்ட கழுத்துப் பகுதி. டிரஸ் ராடு அதற்குள் ஓடுகிற எஃகுக் கம்பி, அதைத் திருகி நெக்கின் வளைவைச் சரிசெய்யலாம். அதைப் படித்துவிட்டு ஏற்கெனவே இரண்டு பையன்கள் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 31 வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன். கார்பன் ஃபைபரை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில்தான். நோயாளி படுக்கிற மேசையின் மேல்பலகை அதில் செய்தது. கதிர் தடையில்லாமல் ஊடுருவ வேண்டும், ஆள் ஏறிப் படுத்தால் தொய்யவும் கூடாது. இரண்டுக்கும் ஒத்து வருகிற பொருள் அது. எடையோ எஃகில் ஐந்தில் ஒரு பங்குதான். ரிட்டயர் ஆன பிறகு சர்ச் பாடகர் குழுப் பிள்ளைகளின் கிட்டார்களைச் சரிசெய்து கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது கூடத்துச் சுவரில் எந்நேரமும் நாலு கிட்டார் சாய்ந்து கிடக்கிறது. வீட்டுக்காரம்மா பெருக்கும்போது என்ன சொல்கிறார் என்பதை இங்கே எழுத முடியாது.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று எங்கள் வேலூர்ப் பக்கத்தைக் கேலி பேசுவார்கள். கத்திரியில் அந்த மொட்டைப் பாறையெல்லாம் பகலில் குடித்த வெயிலை ராத்திரியில் திருப்பித் தரும். நாற்பது டிகிரி தாண்டிய நாளில் தகரக் கூரை அறையில் ஒரு ஸ்டீல் கம்பி கிட்டார் தொங்குகிறது என்று வையுங்கள். ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவை. ஒரு ஆள் நெக்கின் நுனியைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி. சூட்டில் பசை இளகும், மரம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வளையும். அப்புறம் பையன் வந்து, "அங்கிள், விரல் வலிக்குது, கம்பி அழுந்தவே மாட்டேங்குது" என்பான். நைலான் கம்பி கிட்டாருக்கு இந்தத் தொல்லை குறைவு, இழுவை ஏறக்குறைய 40 கிலோதான். புதிதாகப் பழகுகிறவர்கள் அதை வாங்கினால் கார்பன் பேச்சே எடுக்க வேண்டாம்.

இந்த விஷயத்தில் முதலில் ஏமாந்தவன் நான்தான். சர்ச் கிட்டார் ஒன்று. ஃபிரெட் என்பது நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பி நாலரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது, ஏறக்குறைய இரண்டு இருந்தால் போதும். இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்துச் சூடேற்றி, மெல்லிய கத்தியை விட்டு, நெக்கின் மேல் ஒட்டியிருக்கும் ஃபிங்கர் போர்டு பலகையைக் கழற்றினேன். கொணவட்டத்து ஆசாரி டிரஸ் ராடுக்கு இரண்டு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் அகலம், ஆறு மில்லிமீட்டர் ஆழத்தில் பள்ளம் எடுத்துத் தந்தார். ராட் என்று சொன்னாலும் அது பட்டைதான். அதைப் படுக்க வைக்கக் கூடாது, குத்தாக நிறுத்த வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள், வளையும். குத்தாகப் பிடித்தால் வளையாது. உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. பட்டையை உப்புத்தாளில் தேய்த்து, துடைத்து, மெதுவாக இறுகும் அரால்டைட் பசை போட்டு இறக்கி, சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி ஒரு நாள் விட்டேன்.

ஆசாரி அப்போதே கேட்டார்: "சார், கட்டை இன்னும் வளைஞ்சுதானே இருக்கு?" "கார்பன் இழுத்துக்கும்பா" என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி. மறுநாள் டியூபை அவிழ்த்தால் அதே வளைவு. முன்பாவது டிரஸ் ராடைத் திருகினால் கொஞ்சம் அசைந்துகொடுக்கும், இப்போது அதுவும் இல்லை. கார்பன் வளைவைப் பிடித்து வைத்துக்கொண்டது. அது நிமிர்த்தாது சார், எப்படி வைத்து ஒட்டுகிறோமோ அப்படியே பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஃபிங்கர் போர்டைத் திரும்ப ஒட்டி, ஃபிரெட்டையெல்லாம் பிடுங்கி, பலகையைச் சீவி மட்டமாக்கி, புது ஃபிரெட் அடிக்க மூன்று வாரம் போயிற்று. அடுத்த கிட்டாரில் முதலில் நெக்கை நேரான இரும்புச் சட்டத்தில் கிளாம்ப் போட்டு நிமிர்த்திக்கொண்டு, அதற்கப்புறம்தான் பசையைக் கலந்தேன்.

டிரஸ் ராடு வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய தப்பு. கிப்சன் கிட்டார் கம்பெனியில் இருந்த தாடியஸ் மக்யூ அதற்குக் காப்புரிமை வாங்கியது 1923இல். நூறு வருஷம் கழித்தும் அது நிற்கிறதென்றால், அதைத் திருக முடியும் என்பதால்தான். இன்னொரு கிட்டார் கம்பெனியான மார்ட்டின் 1934 முதல் நெக்குக்குள் எஃகுச் சட்டம் வைத்தது. யுத்த காலத்தில் எஃகு கிடைக்காமல் கருங்காலிக் கட்டைக்குத் திரும்பியது. திருகிச் சரிசெய்கிற ராடுக்கு அவர்கள் வந்தது 1985இல்தான். நெக் ஸ்கேல் மாதிரி நேராக இருந்தாலும் ஆகாது. கம்பி அதிர இடம் வேண்டும், இரண்டு தாள் கனத்துக்காவது நடுவில் குழிவு இருந்தால்தான் ஜிர்ர் சத்தம் வராது. கம்பியின் கனத்தை மாற்றினால் அந்தக் குழிவும் மாறும். கார்பனைத் திருக முடியாதே! பக்கத்தில் இரண்டு பட்டை, நடுவில் டிரஸ் ராடு, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை.

இன்னொன்று, உங்கள் பக்கத்தில் இல்லாதது. கார்பனை அறுக்கும்போது பறக்கிற கருப்புத் தூள் மூச்சுக்கு ஆகாது, தோலில் பட்டால் அரிக்கும். வெட்டிய முனையில் நிற்கும் சிலும்பு விரலில் ஏறினால் முள்ளைவிட மோசம். நான் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கிறேன், முகக்கவசம் இல்லாமல் தொடுவதில்லை. பசங்க மொட்டை மாடியில் உட்கார்ந்து ஹாக்ஸா பிளேடால் அறுப்பதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

கடையில் "கார்பன் நெக்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய கிட்டார் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. பிரித்தால் உள்ளே வெறும் மரமும் டிரஸ் ராடும்தான். எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. "நீங்க எக்ஸ்ரே ஆளாச்சே, ஒரு படம் எடுத்துப் பார்த்து வாங்கியிருக்கலாமே" என்று அதைக் கொண்டுவந்தவர் சிரித்தார். எஃகு ராடு வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று விழும், கார்பன் மரத்தோடு மங்கிப்போகும் என்றேன். அப்படியே தெரிந்தாலும், வரிசையில் நோயாளி காத்திருக்க கிட்டாரை மேசையில் கிடத்த எனக்கு மனசு வராது.

நிமிர்த்தி ஒட்டிய அந்த இரண்டாவது கிட்டார் போன கத்திரியைத் தகரக் கூரைக்கு அடியில்தான் தாண்டியது, கம்பி அரை மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. ஐப்பசி மழையில் மட்டும் டிரஸ் ராடை ஆலன் கீயால் கால் சுற்று திருப்ப வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு இணைப்பில் டிரஸ் ராடு பற்றிய அந்த வரியைத் திருத்தி, முகக்கவசம் பற்றியும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்,
காட்பாடி.