கயிறு கட்டி இழுக்காதே, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை. வேளச்சேரி மழைத்தண்ணீரில் கார் நின்றுபோனது பெரிய விஷயமில்லை. சிநேகிதியின் காரில் கயிறு கட்டி வீடு வரைக்கும் இழுத்து வந்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்று எழுதுகிறேன்.

இஞ்சின் ஓடாவிட்டால், பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் வேக்கம், அதாவது காற்றின் உறிஞ்சு விசை, கிடைக்காது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். ஒருமுறை பட்டறைக்கு ஒரு வேன் வந்தது. இழுத்து வரும்போது கயிறு அறுந்து, கொக்கி தெறித்து முன்கண்ணாடியைத் துளைத்திருந்தது. ஓட்டியவர் மயிரிழையில் தப்பினார். அந்த ஓட்டை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதுவும் உன்னுடையது ஆட்டோமேட்டிக். நியூட்ரலில் போட்டாலும், பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் அனுப்பும் பம்ப் இஞ்சின் ஓடினால்தான் சுற்றும். சக்கரம் உருள உருள உள்ளே எண்ணெய் இல்லாமல் தேயும். இனிமேல் நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிப்போகிற வண்டியையே கூப்பிடு. காசு நான் தருகிறேன். தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணியும் பார்க்காதே. இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு என்கிற தண்டு வளைந்துவிடும்.

வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளருக்குள் ஈரம் என்று மெக்கானிக் சொன்னாராமே. முப்பது வருடம் வயரிங் பார்த்தவன் சொல்கிறேன், பல வண்டிகளில் பாகம் எதுவும் கெட்டிருக்காது, களிம்புதான் பிடித்திருக்கும். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. கப்ளரின் லாக்கை அமுக்கி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழு. வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் உலோகப் பின் கழன்றுவிடும். பச்சையாகப் பூத்திருந்தால் உப்புத்தாள் போடாதே, பின்னின் மேல்பூச்சு போய்விடும். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, நன்றாகக் காயவிட்டு, ரப்பர் சீல் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டு. மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குடையது, அதில் மட்டும் கை வைக்காதே.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, காய்ந்ததும் மாட்டிவிட்டு மேலே வாஸ்லைன் தடவு. நெகட்டிவைக் கடைசியாகத்தான் மாட்ட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். கான்டாக்ட் கிளீனர் நானே கொண்டுவருகிறேன். அதுவரை அந்த வண்டியை எடுக்காதே, கண்ணு.

அன்புடன்,
அப்பா