'லெட்' என்ற சொல் குறித்துக் கடலூர் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் போன மாதம் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்ட வேண்டுகோளில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருந்தது. "லெட்னா விடுறதுதானேப்பா? விடாம எப்படிப் போறது?" என்று கேட்டாள். பள்ளியில் கேட்டபோது, அச்சுப்பிழையாக இருக்கும் என்று பதில் வந்ததாம்.

அது பிழையில்லை, ஐயா. அங்கே நிற்பது வேறொரு சொல். பழைய ஆங்கிலத்தில் 'லேத்தன்' என்றால் விடுதல். 'லெத்தன்' என்றால் தடுத்தல்; பாஸ்போர்ட்டில் இருப்பது இதன் வழிவந்தது. ஓசை தேய்ந்து இரண்டும் 'லெட்' ஆகிவிட்டன. தடுத்தலைக் குறித்த சொல், நாம் அன்றாடம் சொல்லும் 'லேட்'டுக்கு நெருங்கிய உறவு. இன்னும் பின்னே போனால் இரண்டு 'லெட்'டுக்கும் தளர்தல் என்ற ஒரே வேர்தான் என்கிறார்கள் மொழியறிஞர்கள். பிடி தளர்ந்தால் விடுதலை, கால் தளர்ந்தால் தாமதம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், தந்தையின் ஆவிக்குப் பின்னால் போகவிடாமல் பிடித்து நிறுத்தும் நண்பர்களிடம், தன்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவதாகச் சீறுகிறான். 1611-இல் வந்த ஆங்கில விவிலியத்தில் பவுல், ரோமாபுரிக்கு வர நினைத்தும் 'லெட்' ஆனதாக எழுதுகிறார். டேபிள் டென்னிஸில் சர்வ் பந்து வலையில் உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தால் நடுவர் சொல்வதும் இந்த 'லெட்'தான். பிள்ளைகள் பலர் அதை 'நெட்' என்றே நினைத்துக் கத்துகிறார்கள்.

ஆங்கிலக் கிரயப் பத்திரங்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே தொடர் வரும். தமிழில் நாங்கள் 'எவ்விதத் தடையும் வில்லங்கமுமின்றி' என்று எழுதுவோம். மற்ற 'லெட்'டுக்கோ நம் 'விடு' அப்படியே பொருந்தும். 'டு லெட்' பலகை மாட்டுகிறவர் வீட்டை வாடகைக்கு விடுகிறார் அல்லவா?

நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போகாத தெரு குறைவு. 'லெட்' நடத்தும் அன்று ஒரு பாஸ்போர்ட்டை வகுப்புக்கு எடுத்துப் போங்கள். அந்த வரியைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். பதில் உடனே தெரியாவிட்டால், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றாலே அவர்களுக்கு நிறைவாக இருக்கும்.

என் மகளுக்கு வீட்டில் சொல்லிவிட்டேன். அவளோடு படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
கடலூர்ப் பத்திர எழுத்தர் ஒருவர்