பாதுகாப்பு மரபியல் பயிற்சிக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். அருகிவரும் உயிரினங்களைக் காக்க மரபணுக்களை ஆராயும் பாதுகாப்பு மரபியல், பல்லுயிர் ஆய்வுப் பயிற்சி நல்லபடியாக நிறைவடைந்தது. சான்றிதழ்கள் கைக்கு வந்துவிட்டன, குழுப்படமும் எடுத்தாயிற்று. அந்தப் படத்தில் நிற்காதவர்களுக்கே முதல் நன்றி என்று பயிற்சி பெற்ற அனைவரும் ஒருமனதாகச் சொன்னதால் இந்த மடலை எழுதுகிறேன்.

வனக் காவலர்களே, உங்களிடமிருந்து தொடங்குகிறேன். எங்களில் பலருக்கு டிஎன்ஏ என்பது குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும் தெளிந்த திரவம், அவ்வளவுதான். அது விலங்கின் கழிவான எச்சத்திலிருந்தும் வரும் என்பதை மூக்கின் வழியே உணர்த்தினீர்கள். குடல் சுவரின் உயிரணுக்கள் எச்சத்தின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். அதனால் உள்ளே கிளறாமல், வெளிப்புறத்தை மட்டும் மெல்லச் சுரண்டி எத்தனாலில் போட வேண்டும். குப்பிக்குச் சீட்டு எழுதும்போது உங்களில் மூத்தவர் ஒருவர் பேனாவை வாங்கிக்கொண்டு பென்சிலை நீட்டினார். எத்தனால் ஒரு சொட்டுக் கசிந்தாலும் மை கரைந்துவிடும். எந்த இடம், எந்த நாள் என்ற விவரமும் அதோடு போய்விடும். விவரம் இல்லாத மாதிரி எதற்கும் உதவாது.

ஆய்வகப் பொறுப்பாளர் அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. டிஎன்ஏவைப் பல நகல்களாகப் பெருக்கும் பிசிஆர் ஒவ்வொன்றிலும், மாதிரியே சேர்க்காத ஒரு குழாயை வைக்கச் சொன்னார். பெருகிய டிஎன்ஏவைப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில் அந்த வெற்றுக் குழாய்க்கும் பட்டை தெரிந்தால் எங்கோ கலப்படம் நேர்ந்திருக்கிறது என்று பொருள். அன்றைய வேலை முழுவதும் குப்பைக்குத்தான். வெயிலிலும் மழையிலும் கிடந்த எச்சத்தில் டிஎன்ஏ நைந்துபோயிருக்கும். ஒரே மரபணுப் பகுதிக்குத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு வடிவங்கள் இருந்தாலும், பிசிஆர் ஒன்றை மட்டும் பெருக்கி மற்றதைத் தவறவிடுவதுண்டு. அதைக் கவனிக்காவிட்டால் ஒரே விலங்கு தாளில் இரண்டாகிவிடும். நலமான கூட்டம்கூட நெருங்கிய உறவுக்குள் பெருகியதுபோலத் தோன்றும். அதற்காகவே ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப ஓட்டவைத்தார். முகம் சுளித்தோம், மறைப்பானேன். அவர் அசையவில்லை.

அனுமதிப் பத்திரங்களைப் பார்த்துக்கொடுத்த அலுவலர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினத்தின் திசு எல்லை தாண்ட வேண்டுமானால் தாள் வேண்டும். ஸ்காட் பேக்கர், ஸ்டீபன் பலும்பி என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஜப்பானியச் சந்தைத் திமிங்கில இறைச்சியை ஆராய்ந்த கதையை எங்களுக்குச் சொன்னதே ஓர் அனுமதி அலுவலர்தான். இறைச்சியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாததால், பிசிஆர் கருவியை ஓட்டல் அறைக்கே கொண்டுவந்து, அங்கே பெருக்கிய டிஎன்ஏ நகல்களை மட்டும் எடுத்துச் சென்றார்கள். 1994இல் வெளியான அந்த ஆய்வு, பாதுகாக்கப்பட்ட கூனல் திமிங்கிலத்தின் இறைச்சியும் கடையில் கிடந்ததைக் காட்டியது. விதியை மீறாமலே வேலை நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை.

புள்ளியியல் ஆசிரியருக்கு நன்றி, கொஞ்சம் வருத்தத்தோடு. வண்ண வண்ணமாக வந்த எங்கள் வரைபடங்களை அவர் நம்ப மறுத்தார். மாதிரிகளை எத்தனை குழுவாகப் பிரி என்றாலும் மென்பொருள் பிரித்துக்கொடுக்கும். அந்தப் பிரிவு காட்டில் உண்டா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும் என்பார். அமெரிக்காவின் புளோரிடாவில் வாழும் பூமா என்ற பெரும்பூனையின் வரலாற்றை அவர் நடத்திய வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. சில பத்து விலங்குகளாகச் சுருங்கிய கூட்டம் அது. வால் நுனி வளைந்திருந்தது, ஆண்களுக்கு விரை இறங்காத குறை, இதயக் குறைகள் வேறு. 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் 5 பூமாக்கள் குட்டி ஈன்றன. குறைகள் குறைந்தன, எண்ணிக்கை ஏறியது. அயல் இரத்தத்தைக் கலப்பதா என்று அதற்கு முன் நடந்த வாதங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. என்னைக் கேட்டால், பயிற்சியிலேயே உருப்படியான பகுதி அந்த வாதங்கள்தான். டிஎன்ஏ வரிசையைப் படிக்க இன்று இயந்திரம் இருக்கிறது. எந்தக் கூட்டத்தோடு எதைச் சேர்ப்பது, எதைத் தனியே விடுவது என்று சொல்ல ஆள்தான் வேண்டும்.

நிதி அளித்தவர்களுக்கு நன்றி. புதுக் கருவி வாங்கிப் பெயர்ப்பலகை மாட்டாமல், வேதிப்பொருளுக்கும் பயணச் செலவுக்கும் பணம் தந்தீர்கள். குளிர்பெட்டியில் இரவெல்லாம் மின்சாரம் நிற்காமல் பார்த்துக்கொண்ட காவலாளி ஐயாவுக்கும், கண்ணாடிக் கலங்களைக் கழுவித் தந்த அக்காவுக்கும் எங்கள் வணக்கம்.

வனக் காவலர்கள் விடைபெறும்போது ஒன்று கேட்டார்கள்: "எடுத்துப்போன மாதிரியில் என்ன தெரிந்தது என்று யாரும் எங்களிடம் திரும்பச் சொன்னதில்லை, நீங்களாவது சொல்வீர்களா?" சொல்வோம். ஆய்வுக் கட்டுரை அச்சேறும்வரை காத்திருக்க வைக்காமல், முடிவுகள் உறுதியானதும் ஒரு பக்க அளவில், உங்கள் மொழியிலேயே எழுதி அனுப்புகிறோம். எந்தப் பாதையில் எடுத்த மாதிரி எந்த விலங்கினுடையது என்ற பட்டியலும் அதோடு வரும்.

நன்றியுடன்,
பயிற்சி பெற்றவர்கள் சார்பில்