தைக்கு ஏன் வரமுடியாது, அப்பா

சிவமயம்

டோர்ட்முண்ட், ஜெர்மனி
10.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் சுகமாக இருக்கப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் துணை நிற்க வேண்டும்.

போன கிழமை போனில் கதைத்தபோது நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள். "இரண்டு வருசப் படிப்பென்றுதானே போனாய்? இரண்டு வருசமும் முடிந்துபோச்சு. படிப்பு முடிந்ததா, இல்லையா?" நான் விளங்கப்படுத்தத் தொடங்க, பெரியம்மா வந்து கலியாணக் கதையை எடுத்துவிட்டா. தையில் மச்சாளின் கலியாணத்துக்கு நான் வரமுடியாது என்று சொன்னது உங்கள் எல்லோருக்கும் மனவருத்தம் என்று தெரியும். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதினால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசிப்பீர்கள் என்றுதான் இந்தக் கடிதம்.

நீங்கள் வெளிவாரியாகப் பட்டம் எடுத்த காலத்தில் வருசக் கடைசியில் ஒரு பெரிய பரீட்சை. சித்தியென்றால் பட்டம், இல்லையென்றால் அடுத்த வருசம். இங்கே அப்படியான கடைசிப் பரீட்சை இல்லை. நான் செய்கிற முதுமாணி (மாஸ்டர்ஸ்) பட்டத்துக்கு 120 கிரெடிட் சேர வேண்டும். விரிவுரையில் இருப்பது, வீட்டில் வாசிப்பது, ஆய்வுகூடத்தில் நிற்பது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 மணித்தியாலம் வேலை செய்தால் ஒரு கிரெடிட். அந்த 120இல் 30 ஆய்வேட்டுக்கு மட்டும். மற்றவை கட்டாயப் பாடங்கள், தெரிவுப் பாடங்கள், ஆய்வுகூட வேலை. நாலு அரையாண்டு என்பது அவர்கள் திட்டமிட்டுக் கொடுத்த கால அளவு. அந்த நாள் வந்தவுடன் பட்டம் தானாகக் கைக்கு வராது. கணக்கில் 120 நிறைந்தால்தான் முடிவு. வேலையும் செய்துகொண்டு படிக்கிற பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு அரையாண்டு போவது இங்கே யாருக்கும் புதினமில்லை.

ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒரு பரீட்சை விதிக்கோவை உண்டு. "ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்" என்பார்கள். எத்தனை பாடம், எதை எதற்குப் பதிலாக எடுக்கலாம், எத்தனை தரம் தோற்கலாம் என்பதெல்லாம் அதில் சட்டம்போல இருக்கிறது. நான் வந்த புதிதில் ஜெர்மன் மொழியில் முழுதாகப் படித்தது அதைத்தான். விரிவுரைக்குப் போகாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள், அநேக பாடங்களுக்கு வரவு எடுப்பதே இல்லை. ஆனால் பரீட்சைக்கு நாங்களே குறித்த திகதிக்குள் பதிய வேண்டும். பதியாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். ஒரு கட்டாயப் பாடத்தைப் பெரும்பாலும் மூன்று தரம்தான் எழுதலாம். மூன்றாம் தரமும் தோற்றால் அந்தக் கற்கைநெறியை விட்டு வெளியேற வேண்டியதுதான், பிறகு ஜெர்மனியில் வேறொரு பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பைத் தொடர முடியாமல் போகலாம். ஊரில் "அடுத்த வருசம் பார்ப்போம்" என்று சொல்கிற ஆறுதல் இங்கே யாருக்கும் கிடையாது. அதனால்தான் பரீட்சைக் காலத்தில் நான் போன் எடுக்காத நாட்கள் இருந்தன. அம்மா அதைக் கோபமென்று நினைக்க வேண்டாம்.

புள்ளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீர் வேதியியலில் எனக்கு 1.7 என்று சொன்னவுடன் நீங்கள் பேச்சு மூச்சில்லாமல் நின்றீர்கள். இங்கே 1.0தான் ஆகத் திறம். 4.0 வரை சித்தி, 5.0 என்றால் தோல்வி. கொழும்பில் நாலுக்குக் கிட்டப் போகப்போகப் பெருமை, இங்கே ஒன்றுக்குக் கிட்ட வரவரப் பெருமை. உங்கள் மகள் நல்லாகத்தான் படித்திருக்கிறாள் அப்பா.

பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. மிச்சம் ஆய்வேடு. தைக்கு வரமுடியாததற்குக் காரணமும் அதுதான்.

எம்ஷர் என்றொரு ஆறு இந்த நகரத்துக்கு ஊடாக ஓடுகிறது. நூறு வருசத்துக்கு மேலாக அது ஆறாக இருக்கவில்லை, திறந்த சாக்கடையாகவே இருந்தது. நிலத்துக்கடியில் நிலக்கரி தோண்டத் தோண்ட மேல்நிலம் தாழ்ந்துகொண்டே போனதால் குழாய் புதைக்க முடியாது, புதைத்தால் உடைந்துவிடும். ஆகவே வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஆற்றிலேயே விடப்பட்டன. சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து நிலம் அமர்ந்த பிறகு, 1992இல் ஆற்றை மீட்கிற வேலை தொடங்கினார்கள். டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீற்றருக்கு நிலத்துக்கடியில் கழிவுக் குழாய் போட்டார்கள். ஆற்றை மீட்கிற வேலை முழுவதற்கும் ஐந்தரை பில்லியன் யூரோ அளவில் செலவு. 2021 முடிவில்தான் எம்ஷரில் கழிவுநீர் விடுவது முற்றாக நின்றது. ஹோர்டே என்ற இடத்தில் பழைய உருக்கு ஆலை நின்ற நிலத்தில் ஃபீனிக்ஸ் ஏரி இருக்கிறது. அதன் கரையோடு இந்த ஆறு போகிறது. பின்னேரத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வெள்ளவத்தைக் கால்வாய்தான் நினைவுக்கு வரும். அந்தப் பாலத்தைக் கடக்கும்போது பஸ் யன்னலைச் சாத்துவோமே, ஒரு நாள் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போகக்கூடியதாக வரவேண்டும் என்று மனம் கிடந்து தவிக்கிறது.

அதனால் முதலில் எம்ஷரையும் வெள்ளவத்தைக் கால்வாயையும் ஒப்பிட்டு எழுதப்போவதாக மேற்பார்வைப் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆறு மாதத்தில் விடை காணமுடியாத கேள்வி முதுமாணிக்குரிய கேள்வி அல்ல, அது கலாநிதிப் பட்டத்துக்கானது என்றார். அவர் சொன்னது சரி. இப்போது என் தலைப்பு எம்ஷரின் ஒரு சிறு பகுதியில் அடிச்சேற்றில் தங்கியிருக்கும் துத்தநாகமும் ஈயமும் பற்றியது மட்டும். கழிவு நின்றாலும் நூறு வருசச் சேறு உடனே போய்விடுமா என்ற கேள்வி. சின்னக் கேள்விதான், ஆனால் விடை என்னுடையதாக இருக்கும். வெள்ளவத்தைக்கும் ஒரு நாள் இந்த விடை தேவைப்படும் என்று நம்புகிறேன்.

ஆய்வேட்டை நினைத்த நேரம் தொடங்க ஏலாது. போதிய கிரெடிட் சேர்ந்த பிறகு பரீட்சை அலுவலகத்தில் தலைப்பைப் பதிய வேண்டும். பதிந்த நாளிலிருந்து மணிக்கூடு ஓடத் தொடங்கும். எனக்கு ஐப்பசி நடுவில் பதிந்தார்கள், சித்திரை நடுவில் கொடுத்து முடிக்க வேண்டும். நோய்க்கு டாக்டர் கடிதம் காட்டினால் சில கிழமை கூட்டித் தருவார்கள். கலியாணத்துக்குத் தரமாட்டார்கள் அப்பா. திகதி தவறினால் அது தோல்வி. தையில்தான் சேற்று மாதிரிகளை ஆய்வுகூடத்தில் கரைத்து அளக்கிற முறை எனக்கு வருகிறது. அந்தக் கருவிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் அதிகம், என் முறையை விட்டால் திரும்பக் கிடைப்பது பங்குனியில். மச்சாளுக்கு இதை நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். நான் தனியாகவும் எழுதுகிறேன்.

ஏட்டின் கடைசியில், இது என் சொந்த வேலை, எடுத்தாண்ட இடங்களையெல்லாம் குறிப்பிட்டிருக்கிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இதை இவர்கள் சடங்காக எடுப்பதில்லை. 2011இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க்கின் கலாநிதிப் பட்டம், பிறருடைய எழுத்தைச் சொல்லாமல் எடுத்தாண்டதற்காகப் பறிக்கப்பட்டது, அவர் பதவியையும் விட்டார். 2013இல் கல்வி அமைச்சர் அன்னெட் ஷவானுக்கும் அதுவே நடந்தது, அதுவும் ஏடு எழுதி முப்பது வருசத்துக்குப் பிறகு. நாற்பது வருசம் பள்ளிக்கூடத்தில் "பார்த்தெழுதாதே" என்று சொன்ன உங்களுக்கு இந்த நாட்டில் ஒரு மரியாதை பிறக்கும் என்று தெரியும்.

கொடுத்த பிறகு இரண்டு பேர் தனித்தனியே வாசித்துப் புள்ளி போடுவார்கள். அதற்குச் சில கிழமைகள். பிறகு வாய்மொழிப் பரீட்சை, அவர்கள் கேள்வி கேட்க நான் நின்று பதில் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகப் போனால் ஆனி கடைசிக்குள் முடியும். ஆடிவேலுக்கு நான் வெள்ளவத்தையில் நிற்பேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, ஆகவே அம்மாவிடம் வாக்காகச் சொல்ல வேண்டாம்.

ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டமளிப்பு பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடந்ததுபோல, மேலங்கியும் ஊர்வலமும் இங்கே எல்லா இடத்திலும் இல்லை. சில பீடங்களில் சின்ன விழா வைப்பார்கள், பல பேருக்குச் சான்றிதழ் தபாலில் வரும், இல்லையென்றால் அலுவலகத்தில் போய் வாங்க வேண்டும். சுவரில் மாட்டுவதற்கு எனது இளமாணிப் படமே இருக்கட்டும்.

காசு விசயம் நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானே சொல்கிறேன். கற்பிப்புக் கட்டணம் இங்கே இல்லை. அரையாண்டுக்கு முந்நூறு யூரோவுக்குக் கொஞ்சம் மேலே கட்டுகிறேன், ரயில் பஸ் சீட்டும் அதற்குள் அடங்கும். எல்லா மாநிலமும் இப்படியில்லை: பாடன் வூர்ட்டம்பெர்க்கில் எங்களைப்போல ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் அரையாண்டுக்கு 1500 யூரோ கட்ட வேண்டும். ஆய்வுகூட உதவியாளர் வேலையில் வாடகையும் சாப்பாடும் சமாளிக்கிறேன். நீங்கள் கன்னங்கராவின் இலவசக் கல்வியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறும். இங்கே முதல் தரம் கட்டணச் சீட்டைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மற்றப்படி குளிர் தொடங்கிவிட்டது. மார்கழியில் பின்னேரம் நாலரைக்கே இருண்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் பூட்டு, காலி வீதியின் இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு அந்த அமைதி முதலில் பயமாகவே இருந்தது. சனிக்கிழமையே தமிழ்க் கடையில் அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் வாங்கி வைத்துவிடுவேன். ஆனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனேன். எங்கள் சனம் ஆயிரக்கணக்கில், வீதியெல்லாம் வேட்டியும் சேலையும். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் கேளாமலே என் கையில் புக்கை வைத்தா. அழுகை வந்துவிட்டது.

இனித் தங்கச்சியின் விசயம். அவள் இங்கே வருவதா, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் வேலையோடு முதுமாணி செய்வதா என்று கேட்டிருக்கிறாள். "அங்கே 60, இங்கே 120, ஆகவே அங்கே பாதிப் படிப்பு" என்று அவளுடைய சிநேகிதிகள் சொன்னார்களாம். அது பிழை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம். 60ஐ 50ஆல் பெருக்கினால் 3000. இங்கே 120ஐ 25ஆல் பெருக்கினாலும் 3000தான். எண்ணைப் பார்த்து எங்கள் நாட்டுப் பட்டத்தைக் குறைத்து மதிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றை அவள் கட்டாயம் பார்க்க வேண்டும். எங்கள் நாட்டில் முதுமாணி இரண்டு வகை. பாடங்களோடு மட்டும் முடிகிற 30 கிரெடிட் முதுமாணி அந்தச் சட்டகத்தில் 9ஆம் மட்டம். ஆய்வுப் பகுதியோடு சேர்ந்த 60 கிரெடிட் முதுமாணி 10ஆம் மட்டம், அதில் ஆய்வுக்கு 15 கிரெடிட்டாவது இருக்க வேண்டும். விளம்பரத்தில் இரண்டுக்கும் "முதுமாணி" என்றுதான் போட்டிருக்கும். வார இறுதி வகுப்பு, கட்டணம், காலம் எல்லாம் கேட்டு வருகிறவர்கள் மட்டத்தைக் கேட்பதில்லை. விரிவுரையாளராக வர வேண்டுமென்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறவள் அவள். ஆய்வு இல்லாத முதுமாணியை எடுத்துவிட்டுக் கலாநிதிப் படிப்பின் வாசலில் போய் நிற்கக்கூடாது. என் அபிப்பிராயம், அவள் கொழும்பிலேயே 10ஆம் மட்டத்தைச் செய்யட்டும். உங்களுக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் ஒரு பிள்ளை இருப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவளுடைய துறையில் அங்கேயே நல்ல மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள், அவள் ஆராய விரும்புகிற விசயமும் அங்கேதான் இருக்கிறது.

இல்லை, ஜெர்மனிக்குத்தான் வருவேன் என்று நின்றால் மறிக்க வேண்டாம். அப்படியென்றால் இப்போதே கோத்தே நிறுவனத்தில் ஜெர்மன் வகுப்பில் சேரட்டும். விசாவுக்கு, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கொன்றில் வருசத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், அதை இங்கே வந்த பிறகு மாதம் 992ஆகத்தான் எடுக்கலாம். அந்தத் தொகைக்கு அம்மாவின் நகையைத் தொட விடமாட்டேன், நான் வேலைக்குப் போன பிறகு பார்ப்போம். படிப்பு முடிந்தால் வேலை தேட 18 மாத விசா தருகிறார்கள், எனக்கும் அது கிடைக்கும்.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், விண்ணப்பிக்க முன்னர் அந்தக் கற்கைநெறியின் விதிக்கோவையைப் பிரதி எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆய்வுக்கு எத்தனை கிரெடிட், மேற்பார்வையாளரை யார் நியமிக்கிறார்கள், ஏட்டை எத்தனை மாதத்தில் கொடுக்க வேண்டும் என்ற மூன்றையும் சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பட்டும். ஞாயிற்றுக்கிழமை இருந்து முழுதும் வாசித்துப் பதில் எழுதுவேன்.

அம்மாவின் சீனி அளவு இந்த மாதம் எவ்வளவு என்று எழுதுங்கள். தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போகும்போது காலி வீதியைக் கவனமாகக் கடவுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்