இந்தக் கிராம் கணக்கு ஒரு காலுக்கா, சோடிக்கா?

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் பனிமலை ஏறிச் சறுக்குவதைப் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். படங்கள் வடிவாக இருந்தன. ஆனால் சறுக்குப் பலகையோடு சப்பாத்தைப் பூட்டும் பைண்டிங்கைப் பற்றி ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. பாரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லதாம். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

காரைநகரில் இருக்கிறவனுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நான் கண்ட பனி குளிர்சாதனப் பெட்டிக்குள் பிடிக்கிற பனிதான். ஆனால் சீநோர் படகுத்துறையில் பல வருஷம் பைபர் படகு செய்தவன். நடுவில் மரம் வைத்து, மேலும் கீழும் கண்ணாடி நாரும் றெசினும் போட்டு இறுக்கினால் அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பது எனக்குக் கைப்பழக்கம். சறுக்குப் பலகையும் அதே சாதிச் சாமான்தான். நடுவில் மரம், இரண்டு பக்கமும் பைபர், சிலதில் ஒரு உலோகத் தகடும் இருக்கும்.

மகன் 1987இல் நோர்வேயின் வடக்கே பின்மார்க்குக்கு மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனவன். இப்போது குடும்பத்தோடு ட்ரொம்சோவில் இருக்கிறான். பேரன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். போன வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது, தேருக்கு முதல்நாள் பின்னேரம் சூட்கேசுக்குள் இருந்து ஒரு காலுறையை எடுத்து மேசையில் கவிழ்த்தான். ஒரு சின்ன அலுமினியத் துண்டும் நாலு திருகாணியும் விழுந்தன. "அப்பப்பா, இது ஏன் கழன்டது எண்டு பாருங்கோ" என்றான்.

ஆணிப் புரிகளுக்குள் கருத்த மரத்தூள் ஒட்டியிருந்தது. கண்ணாடியைப் போட முதலே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அது பைண்டிங்கின் குதிப்பக்கத் துண்டு. இந்தப் பூட்டின் வேலையை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மலை ஏறும்போது சப்பாத்தின் நுனி மட்டும் பலகையில் பிடித்திருக்க, குதி மேலே எழும்ப வேண்டும். இறங்கும்போது குதியும் பூட்டுப்பட வேண்டும். விழுந்தால், கால் முறிய முதல் தானாகக் கழன்றுவிடவும் வேண்டும். நோர்வேயின் தெலெமார்க்கில் சொன்ட்ரே நோர்ஹைம் என்றொருவர் 19ஆம் நூற்றாண்டில் முறுக்கிய மரவேரால் குதியைச் சுற்றிக் கட்டிச் சறுக்கினார் என்று பேரன் சொன்னபோது, எங்கள் ஆட்கள் பனைநாரில் செய்யாத கட்டா என்று நினைத்துக்கொண்டேன். 1927இல் ப்ரூர் வித் செய்த பூட்டுக்கு அவர்களின் மொழியில் எலிப்பொறி என்றே பெயர். எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது.

இன்றைக்கு மலை ஏறுகிறவர்களில் அநேகர் போடுவது ஊசிப் பூட்டு. ஒஸ்திரியாக்காரர் பிரிட்ஸ் பார்தெல் 1980களில் கண்டுபிடித்தது. சப்பாத்து நுனியின் இரண்டு பக்கமும் உள்ள இரும்புக் குழிகளை இரண்டு ஊசிகள் கவ்வும். குதிப்பக்கம் இன்னும் இரண்டு ஊசிகள் சப்பாத்தின் பின்புறத்துக்குள் போகும். அதற்கு முதல் சட்டம் வைத்த பூட்டுகள்தான் பரவலாக இருந்தன. அதில் ஒவ்வொரு அடிக்கும் சட்டமும் குதியோடு சேர்ந்து எழும்பும், ஒரு காலுக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும், சிலது அதற்கும் மேலே. ஊசிப் பூட்டில் குதிப்பக்கத் துண்டு பலகையிலேயே நின்றுவிடும், சப்பாத்து மட்டும்தான் எழும்பும். எவ்வளவு எளிமையான யோசனை!

பாரம் குறைவது நல்லதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பேரனோடு இருந்து கணக்குப் பார்த்தேன். ஆயிரம் மீற்றர் உயரம் ஏற வளைந்து வளைந்து ஐந்து கிலோமீற்றர் நடக்கிறான் என்று வைத்தால், ஒரு காலுக்கு மூவாயிரம் அடி வரும். இருநூறு கிராம் கூடினால், மூவாயிரம் தரத்துக்கு அறுநூறு கிலோ. "தூக்கிறேல்லை அப்பப்பா, இழுத்துக்கொண்டு போறது" என்று அவன் திருத்தினான். சரி, பாதியென்று வைப்போம். அப்படியென்றாலும் சும்மா தள்ளிவிடுகிற பாரம் இல்லை.

இப்படியான கணக்கை நம்பித்தான் அவன் போட்டிக்காரர் போடுகிற பூட்டை வாங்கியிருக்கிறான். ஒரு கால் நூற்றைம்பது கிராமுக்குள். பாரத்தைக் குறைக்க அடித்தட்டைச் சின்னதாக்கி, ஆணிகளைக் கிட்டக் கிட்ட வைத்திருக்கிறார்கள். பிழை அங்கேதான் தொடங்கியது. எண்பது கிலோ ஆள் பக்கவாட்டில் சாயும்போது குதிப்பூட்டு பலகையை நெம்பும். ஆணிகள் அகலமாக நின்றால் அந்த நெம்பலைப் பங்கிட்டுக்கொள்ளும். கிட்டக் கிட்ட நின்றால் ஒவ்வொரு ஆணியின் மேலும் இழுவை கூடும். வெளிஎஞ்சின் பூட்டுகிற பின்பலகையில் போல்ட்டுகளை ஏன் தள்ளித் தள்ளிப் போடுகிறோம்? இதற்காகத்தான்.

மற்றப் பிழை பூட்டிய இடத்தில் நடந்தது. கடையின் பெயர் வேண்டாம். ஓட்டைக்குள் பசை போட்ட அடையாளமே ஆணிகளில் இல்லை. பைபருக்குள் மரம் இருக்கிற எதிலும் ஓட்டை போட்டால், அந்த ஓட்டைக்குள் தண்ணீர் போகாமல் அடைத்துத்தான் ஆணியை இறக்க வேண்டும். பின்பலகை உக்கின படகுகள் எத்தனையைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன்! வெளியில் பளபளவென்று இருக்கும், சுத்தியலால் தட்டினால் பொத்தென்று கேட்கும். பனி உருகினாலும் தண்ணீர்தானே. உள்ளே போய், மரத்தை நனைத்து, திரும்ப உறைந்து, புரியின் பிடியைத் தளர்த்திவிட்டது. பெடியன் சரிவில் நிற்கும்போது குதிப்பக்கம் நாலு ஆணியோடும் பிடுங்கிக்கொண்டு வந்ததாம். நுனிப்பூட்டு மட்டும் பிடித்திருக்க, ஒரு குதியை ஆடவிட்டுக்கொண்டு இருட்ட முதல் ஒருமாதிரி இறங்கினானாம். தாய்க்கு இன்றுவரை சொல்லவில்லை. உங்கள் பத்திரிகை ட்ரொம்சோவுக்குப் போகாது என்ற துணிவில் எழுதுகிறேன்.

துறப்பணத்தின் அளவிலும் கவனம் வேண்டும். உலோகத் தகடு இல்லாத பலகைக்கு 3.6 மில்லிமீற்றர் அலகு, தகடு உள்ளதற்கு 4.1. ஆழம் ஒன்பது மில்லிமீற்றருக்குக் கிட்ட, அதற்குமேல் போனால் அடிப்பக்கம் புடைக்கும். ஆணித் தலையின் வெட்டு போசிட்ரைவ் என்கிற நட்சத்திர வகை, மூன்றாம் நம்பர். வீட்டிலுள்ள சாதாரண நட்சத்திரத் திருப்புளியால் திருகினால் தலை வழுக்கித் தேய்ந்துவிடும். இவற்றைப் பேரன் கைபேசியில் தேடி எடுத்து வாசிக்க வாசிக்க, நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் இருந்து ஒரு நூல்கூடத் தள்ளி இல்லை.

இப்போது அவனுக்கு நான் சொல்லியிருப்பது நடுத்தரமானது. ஒரு கால் முந்நூறு முதல் நானூறு கிராம் வரை. ஆணிகள் அகன்று நிற்க வேண்டும். நெம்புகிற இடங்களில் உலோகம் இருக்க வேண்டும். தேய்கிற துண்டுகளைத் தனியாக வாங்கக் கூடியதாக இருக்க வேண்டும். முழுதாக எறிந்துவிட்டு வேறு வாங்கு என்கிற சாமான் எவ்வளவு இலேசாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். கழலும் இறுக்கத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும், ஏனென்றால் அது ஆளின் எடை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், சறுக்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்து வைக்கிற அளவு. போட்டிப் பூட்டுகள் பலவற்றில் அந்த இறுக்கம் செய்யும்போதே முடிவாகிவிடும். மலையேற்றப் பூட்டுகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 13992 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. மிக இலேசான பலவற்றில் அந்த முத்திரையைத் தேடினாலும் கிடைக்காது.

பலகையை நிறுத்துகிற பிரேக்கும் வேண்டும் என்றேன். அது ஒரு காலுக்கு நூறு கிராமுக்குக் கிட்டக் கூட்டும். பேரன் முகத்தைச் சுழித்தான். கழன்ற பலகை தனியாகப் பள்ளத்தாக்குக்குப் போனால் நீ எத்தனை கிராம் சுமந்துகொண்டு நடப்பாய் என்று கேட்டேன். பேசாமல் இருந்தான்.

கட்டுரையில் வராத இன்னொரு விஷயம், நுனியில் உள்ள நெம்புகோல். ஏறும்போது அதை மேலே இழுத்துப் பூட்டுவார்கள். இறங்க முதல் எடுத்துவிட வேண்டும். பூட்டியபடியே சறுக்கி விழுந்தால் பூட்டு கழலாது. பனிச்சரிவில் அகப்பட்டால் அந்தப் பலகையே ஆளைக் கீழே இழுக்கிற நங்கூரமாகிவிடும். அந்த நெம்புகோலுக்குக் கீழே பனி இறுகினால் ஊசிகள் முழுதாகக் கவ்வாது, ஆனால் கவ்வியது மாதிரியே தெரியும். ஊன்றுகோலின் கூரால் கிண்டி எடுத்துவிட்டுத்தான் சப்பாத்தை வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, ஐயா. உங்கள் கட்டுரையில் ஒரு பூட்டின் பாரம் என்று ஒரு தொகை போட்டிருந்தீர்கள். அது ஒரு காலுக்கா, சோடிக்கா என்று இல்லை. பிரேக்கோடா, இல்லாமலா என்றும் இல்லை. விற்கிறவர்கள் பலர் ஒரு காலுக்கு, பிரேக்கைக் கழித்துத்தான் போடுகிறார்கள். இங்கே பெற்றோர் அதை வாசித்துவிட்டு அங்கே பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் சொல்லப்போகிறார்கள். அடுத்த ஞாயிறு ஒரு வரியில் திருத்திப் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படகுத் தொழிலாளி,
காரைநகர்.